தங்கம்னு மட்டும் போடாதீங்க, ஸ்கோரையும் சேத்து போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல சமீபத்துல ஒரு போட்டோ வந்துச்சு. பத்து பன்னெண்டு பசங்க, கழுத்துல மெடல், கையில வில்லு, நடுவுல பொன்னாடை போத்திக்கிட்டு பெரியவங்க, மேல "வில்வித்தையில் தங்கம் குவித்த மாணவர்கள்"னு தலைப்பு. செய்திய முழுசா ரெண்டு தடவை படிச்சேன் சார். யார் தலைமை, யார் முன்னிலை, யார் வரவேற்புரை, யார் நன்றியுரை எல்லாம் இனிஷியலோட இருக்கு. எத்தனை மீட்டர்ல விட்டாங்க, எத்தனை அம்பு, எத்தனை பாயிண்டு, அந்த பிரிவுல மொத்தம் எத்தனை பேரு கலந்துக்கிட்டாங்க, இதுல ஒண்ணு கூட இல்ல. கிரிக்கெட் செய்திய இப்படி போட்டா வாசகர் விடுவாங்களா, எத்தனை ரன்னு எத்தனை விக்கெட்டுன்னு போன் பண்ணி கேக்க மாட்டாங்களா?

பசங்கள குறை சொல்றதுக்காக எழுதல, அதை முதல்லயே சொல்லிடுறேன். நான் கும்பகோணத்துல செல்போன் கடை வச்சிருக்கேன். அக்கா பொண்ணு ரீகர்வ் வில்லுல (நுனி ரெண்டும் முன்னாடி வளைஞ்ச வில்லு) விடுது, மச்சான் வெளிநாட்டுல இருக்குறதால போட்டிக்கு கூட்டிட்டு போறது கூட்டிட்டு வர்றது எல்லாம் தாய்மாமன் தலையில. அங்க போயி சும்மா உக்காந்திருக்க முடியாம டேப் புடிக்கிறது, டார்கெட் தூக்குறது, ஸ்கோர் எழுதுறதுன்னு கூடமாட வேலை பாத்து பாத்து ஒரு போட்டி எப்படி நடக்கணும் எப்படி நடக்கக்கூடாதுன்னு கொஞ்சம் புரிஞ்சுது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. எடம் இல்லன்னா நடுவுல எங்கயாச்சும் வெட்டிக்கங்க, கடைசில மட்டும் வெட்டாதீங்க, நான் கேக்க வந்தது அங்கதான் இருக்கு.

வில்வித்தையில ஒரு வசதி என்னன்னா, ஒருத்தர் எவ்வளவு நல்லா விடுறாருன்னு சொல்ல ஒரே ஒரு நம்பர் போதும். ஒலிம்பிக்ல காலங்காலமா இருக்குறது ரீகர்வ். தூரம் 70 மீட்டர், டார்கெட் பேப்பர் 122 சென்டிமீட்டர் அகலம், நடுவுல இருக்குற பத்து பாயிண்டு வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர். ஆறு அம்பு விட்டா ஒரு எண்ட், அந்த மாதிரி 12 எண்ட், மொத்தம் 72 அம்பு, அத்தனையும் பத்துல விழுந்தா 720. காம்பவுண்டு, அதாவது நுனியில உருளை வச்ச வில்லுக்கு 50 மீட்டர், 80 சென்டிமீட்டர் டார்கெட், அதுலயும் 72 அம்புக்கு 720 தான். இது இல்லாம நம்ம நாட்டுல மட்டும் மூங்கில் வில்லுல இண்டியன் ரவுண்டுன்னு ஒண்ணு இருக்கு, 50 மீட்டரும் 30 மீட்டரும், குறி பாக்குற சைட் எதுவும் மாட்டக்கூடாது. ரீகர்வ் வில்லு நல்லதா வாங்கணும்னா லட்சக்கணக்குல ஆகும், அதனால வசதி இல்லாத வீட்டு புள்ளைங்க பெரும்பாலும் மூங்கில் வில்லுலதான் ஆரம்பிக்கிறாங்க.

இந்த 720ல எத்தனைங்கிறது வலங்கைமான்ல விட்டாலும் பாரிஸ்ல விட்டாலும் ஒரே கணக்கு. 2019ல லிமாவுல நடந்த பான் அமெரிக்கன் போட்டியில அமெரிக்காவோட பிராடி எலிசன் 702 எடுத்தாரு, அது உலக சாதனை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல கொரியா பொண்ணு லிம் சி ஹியோன் 694, அது பெண்கள்ல சாதனை. இப்ப நம்ம ஊரு புள்ள 560 எடுத்திருந்தா அது எங்க நிக்குது, இன்னும் எவ்வளவு ஏறணும்னு எந்த அப்பா அம்மாவுக்கும் உடனே புரிஞ்சிடும். தங்கம்னு மட்டும் சொன்னா என்ன புரியும்? ரெண்டு பேரு கலந்துக்கிட்ட பிரிவுலயும் தங்கம் தங்கம்தான்.

கொரியாக்காரங்க ஏன் அசைக்க முடியாம இருக்காங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க, அவங்க பெண்கள் டீம் 1988ல இருந்து பாரிஸ் வரைக்கும் பத்து ஒலிம்பிக்கா தொடர்ந்து தங்கம் வாங்கியிருக்கு. அங்க தேசிய டீமுக்கு ஆள் எடுக்குறது முழுக்க அப்பப்ப நடக்குற தேர்வுப் போட்டிய வச்சுத்தான், பழைய மெடலுக்கு மரியாதை உண்டு ஆனா இடம் கிடையாது. டோக்கியோவுல ஒரே ஒலிம்பிக்ல மூணு தங்கம் வாங்குன ஆன் சான் பாரிஸுக்கு போகவே இல்ல, தேர்வுலயே வெளிய போயிட்டாங்க. அதே பாரிஸ்ல சாட் நாட்டுல இருந்து வந்த ஒருத்தர் கொரியாவோட கிம் வூஜினை எதுத்து விட்டப்ப ஒரு அம்பு ஒரே ஒரு பாயிண்டுல விழுந்துச்சு, உலகமே பாத்துச்சு, அதையும் அப்படியே 1ன்னு எழுதினாங்க. அவரு வெக்கப்படல, பாத்தவங்களும் கைதட்டினாங்க. நம்ம ஊர்லதான் ஸ்கோர் கேட்டா "அதெல்லாம் எதுக்கு சார், மெடல் வந்துச்சுல்ல"ங்கிறாங்க.

சரி, ஸ்கோர் போடுங்கன்னு சொல்றேனே, அந்த ஸ்கோரை நம்பலாமா? அங்கதான் போட்டிய நடத்துற விதம் வருது.

முதல்ல கிரவுண்டு. நம்ம பக்கம் உள்ள நாடுகள்ல அம்பு விடுறவங்க வடக்க பாத்து நிக்கிற மாதிரி அமைக்கணும், வெயில் கண்ணுல அடிக்கக்கூடாதுன்னுதான். டார்கெட்டோட நடு தரையில இருந்து 130 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கணும், லேசா பின்னாடி சாஞ்ச மாதிரி 10 டிகிரியில இருந்து 15 டிகிரிக்குள்ள, காத்துல சாயாம தரையோட கட்டி வைக்கணும். 70 மீட்டர்னா டேப் புடிச்சு அளக்கணும், முப்பது சென்டிமீட்டர் முன்ன பின்ன இருக்கலாம் அவ்வளவுதான். ஷூட்டிங் லைனுக்கு பின்னாடி அஞ்சு மீட்டர் தள்ளி காத்திருக்குற லைன். டார்கெட்டுக்கு பின்னாடி ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாது, அம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல போற சாமான்.

நான் பாத்த ஒரு போட்டியில வடக்கு பக்கம் மேடையும் சாமியானாவும் போட்டுட்டாங்க, விருந்தினர் கார் வந்து நிக்க அதான் வசதின்னு. அதனால டார்கெட் கிழக்க போயிடுச்சு. காலைல எட்டரை மணி வெயிலு நேரா மூஞ்சில, புள்ளைங்க கண்ணை இடுக்கிக்கிட்டு விடுதுங்க. தூரத்தை அளந்தீங்களான்னு கேட்டேன், ஒருத்தர் காலால எட்டி வச்சு அளந்துட்டதா சொன்னாரு, நெட்டையான மனுசன் வேற. கிழக்க என்ன இருந்துச்சுன்னா வாய்க்கா ஓரமா ஒத்தையடிப்பாதை, வயலுக்கு போறவங்க வழி. மூணாவது எண்ட் நடக்குறப்ப ஆட்டை ஓட்டிக்கிட்டு ஒரு ஆத்தா டார்கெட்டுக்கு பின்னாடி நிதானமா போறாங்க. லைன்ல நிக்கிற பசங்க பாதி பேரு இழுத்த வில்லோட நிக்கிறாங்க. அக்கா பொண்ணு வில்லை இறக்கிட்டு "மாமா விசிலு, விசிலு"ன்னு கத்துது, விசில் வச்சிருந்தவரு மேடைகிட்ட டீ குடிச்சிட்டு இருந்தாரு. நல்ல வேளை ஒண்ணும் ஆகல. மைக்ல என்ன சொன்னாங்க தெரியுமா, "செல்வங்களே யாரும் பயப்பட வேண்டாம், தொடர்ந்து விடலாம்".

விசில் சத்தம்தான் இந்த விளையாட்டுல சட்டம். ரெண்டு சத்தம் கேட்டா லைனுக்கு வரணும். பத்து செகண்டு கழிச்சு ஒரு சத்தம், அப்பத்தான் அம்பு விடலாம். மூணு சத்தம்னா அவ்வளவுதான், வில்லை வச்சிட்டு அம்பு எடுக்க நடக்கலாம். அஞ்சு தடவையும் அதுக்கு மேலயும் விடாம அடிச்சா ஏதோ ஆபத்துன்னு அர்த்தம், இழுத்த வில்லை அப்படியே இறக்கிடணும். பெரிய போட்டிகள்ல பஸ்ஸர், கூடவே சிவப்பு பச்சை மஞ்ச லைட்டு, பக்கத்துல கடிகாரம் ஓடும். நேரத்துக்கு முன்னாடியோ நேரம் முடிஞ்ச பிறகோ ஒரு அம்பு விட்டுட்டா அந்த எண்ட்ல அதிகமா வாங்குன அம்பு செல்லாம போயிடும், பத்து போயிடும் சார், சின்ன தண்டனை இல்ல. ஆறுக்கு பதிலா ஏழு அம்பு விட்டா கம்மியான ஆறைத்தான் எடுத்துக்குவாங்க. நம்ம ஊர் போட்டியில கடிகாரமே வைக்காம "எல்லாரும் விட்டாச்சாப்பா"ன்னு கேட்டு நடத்துறதால, இங்க தங்கம் வாங்குன புள்ள வெளி மாநிலத்துக்கு போயி முதல் பஸ்ஸர் அடிச்ச உடனே கை நடுங்கி நிக்குது. அது பயிற்சி குறைவு இல்ல, கடிகாரத்தை அது பாத்ததே இல்ல.

அப்புறம் ஸ்கோர் எழுதுறது. ஒரு டார்கெட்டுக்கு மூணு நாலு பேரு, எல்லாருமா சேந்து நடந்து போவாங்க. யாரும் அம்பையோ பேப்பரையோ தொடக்கூடாது, எழுதி முடிக்கிற வரைக்கும் விரல் படக்கூடாது. அம்புக்கு சொந்தக்காரர் பெரிய பாயிண்டுல இருந்து கீழ வரிசையா சொல்லணும், "எக்ஸ், பத்து, ஒம்போது, ஒம்போது, எட்டு, ஏழு". எக்ஸ்னா பத்து வட்டத்துக்குள்ள இருக்குற குட்டி வட்டம், அதுக்கும் பத்துதான். ரெண்டு பேரு தனித்தனி ஷீட்ல எழுதுவாங்க, ரெண்டும் ஒத்துப்போகணும். அம்பு கோட்டை லேசா தொட்டிருந்தாலே மேல உள்ள பாயிண்டு. தொட்டுச்சா இல்லையான்னு சண்டை வந்தா கைய தூக்கி ஜட்ஜை கூப்பிடணும், அவரு லென்ஸை வச்சு ஒரு பக்கம் பாப்பாரு, அந்த பக்கம் போயி பாப்பாரு, சொன்னா சொன்னதுதான், அதுக்கு மேல பேச்சு இல்ல. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு ஓட்டையையும் பேனாவால சின்னதா கோடு போட்டு குறிச்சிட்டுதான் அம்பை உருவணும், ஏன்னா அடுத்த எண்ட்ல ஒரு அம்பு அடிச்சு எகிறி கீழ விழுந்துட்டா குறிக்காத ஓட்டை எதுன்னு பாத்து பாயிண்டு குடுப்பாங்க. கடைசில ஷீட்ல விட்டவங்களும் எழுதுனவங்களும் கையெழுத்து போடணும்.

இவ்வளவு நுணுக்கம் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு, பாரிஸ் ஆண்கள் பைனல்ல கிம் வூஜினும் பிராடி எலிசனும் அஞ்சு செட் முடிஞ்சு செட் பாயிண்டுல அஞ்சுக்கு அஞ்சு சமம், ஆளுக்கு ஒரே அம்பு விட சொன்னாங்க, ரெண்டுமே பத்து. நடுவுல இருந்து யாரு கிட்டன்னு அளந்து பாத்தா வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். அந்த 4.9 மில்லிமீட்டர்ல ஒருத்தருக்கு தங்கம் ஒருத்தருக்கு வெள்ளி. நம்ம பக்கத்துல நான் கண்ணால பாத்தது, ஒரு கோச்சு அவரு ஸ்டூடன்டோட அம்பை விறுவிறுன்னு உருவிட்டு "எழுதிக்கங்க, ஒம்போது ஒம்போது எட்டு"ன்னு சொல்றாரு, எழுதுற பையன் ஒம்போதாம் கிளாஸ், எதுத்து பேசுவானா? எழுதிட்டான். அந்த ஸ்கோர்தான் பிறகு சர்டிபிகேட் ஆச்சு.

மெடல் எப்படி இத்தனை வருதுங்கிறது தனிக் கதை. ரீகர்வ், காம்பவுண்டு, இண்டியன் ரவுண்டு மூணு. அதுல ஆண் பெண். அதுல வயசு பிரிவு, அதை ரெண்டு ரெண்டு வயசா பிரிச்சு வச்சிருப்பாங்க. அதுல ஒவ்வொரு தூரத்துக்கும் தனி மெடல், எல்லா தூரமும் சேத்து ஒரு மெடல், டீமுக்கு ஒண்ணு, கலப்பு டீமுக்கு ஒண்ணு. பெருக்கி பாத்தா வந்த பசங்களை விட மெடல் ஜாஸ்தி வரும். ஒரு பிரிவுல அக்கா தங்கச்சி ரெண்டே பேரு, ஒருத்திக்கு தங்கம் ஒருத்திக்கு வெள்ளி, ரெண்டு பேரும் பேப்பர்ல வந்தாங்க. இதுக்கு அடுத்த படி "இன்டர்நேஷனல்". கட்டணம் கட்டி பக்கத்து நாட்டுக்கு கூட்டிட்டு போயி ஒரு ஸ்கூல் கிரவுண்டுல விட வச்சு கழுத்து நிறைய மெடலோட கூட்டிட்டு வந்துடுறாங்க. ஊர் எல்லையில பிளெக்ஸு, வெடி, மேளம். அதை நம்பி நகைய அடகு வச்சவங்களை எனக்கு தெரியும். பிறகு காலேஜ் சேக்குறப்ப ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அந்த பேப்பரை நீட்டுனா அங்கீகாரம் இல்லாத சங்கம்னு திருப்பி குடுத்துடுறாங்க, அங்கீகாரம் உள்ள சங்கத்தோட சர்டிபிகேட்தானே செல்லும்.

எது உண்மையான சங்கம்னு சாதாரண ஜனங்களுக்கு தெரியறது கஷ்டம்தான். தேசிய அளவுலயே கோஷ்டி சண்டை வந்து 2019 ஆகஸ்ட்ல உலக வில்வித்தை அமைப்பு இந்திய சங்கத்தை சஸ்பெண்ட் பண்ணுச்சு, 2020 ஜனவரியிலதான் எடுத்தாங்க. இடையில பாங்காக்ல நடந்த ஆசிய போட்டியில தீபிகா குமாரி மாதிரி ஆளுங்களே நம்ம கொடி இல்லாம விட வேண்டியதா போச்சு. மேல அப்படின்னா கீழ கேக்கணுமா. ஆனா ஸ்கோர் ஷீட்டுக்கு கோஷ்டி கிடையாது.

2025 அக்டோபர்ல டெல்லியில வில்வித்தைக்குன்னு ஐபிஎல் மாதிரி ஒரு லீக் நடத்துனாங்க, அதுல தமிழ்நாட்டு டீமுக்கு பேரு சோழா சீஃப்ஸ். எங்க பசங்களுக்கு தலைகால் புரியல. நமக்கு கொடியில இருந்தது புலி, வில்லு சேரனோடது, அதை யாரும் கண்டுக்கல. அது போகட்டும், பேரை எடுத்துக்கிட்டாங்க, சோழநாட்டுல அளந்து போட்ட 70 மீட்டர் கிரவுண்டு எத்தனை இருக்குன்னு யாராச்சும் தேடி பாத்தா தேவலை.

பணம் இல்லன்னு சொல்லாதீங்கன்னு போட்டி நடத்துறவங்ககிட்ட உங்க மூலமா சொல்லிக்கிறேன். பொன்னாடை, ஆளுயர ஷீல்டு, பிளெக்ஸ், மைக்செட்டு, இதுல பாதி காசு போதும். ஒரு நல்ல டேப், ஒரு டைமர், ரெண்டு விசில், நாலு லென்ஸ், டார்கெட்டுக்கு பின்னாடி கட்ட வலை. ரிசல்ட் போட இயான்சியோன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இத்தாலிக்காரங்க செஞ்சது, உலகம் பூரா பெரிய போட்டிகள்ல அதைத்தான் ஓட்டுறாங்க, இலவசம். ஒரு லேப்டாப்பும் அதை கத்துக்கிட்ட ஒரு பையனும் இருந்தா எண்ட் எண்டா ஸ்கோர் ஏத்திடலாம், வீட்டுல இருக்குற ஆத்தாக்காரி போன்லயே பாத்துக்கலாம். டார்கெட்டு ஃபோம்ல வாங்குனா விலை கடிக்குது, உண்மைதான். பயிற்சிக்காச்சும் நம்ம வைக்கோலை கயிறு மாதிரி பிரியா முறுக்கி வட்டமா சுத்தி இறுக்கி தைச்சு போடலாம், எங்க பக்கத்துல ஒரு பெரியவரு செஞ்சு குடுத்தாரு, மாசக்கணக்குல தாங்குச்சு. ஆனா மெஷின் அறுப்பு வைக்கோல் ஆகாது, நொறுங்கி போயிடும், கை அறுப்பு வைக்கோலா தேடணும், இப்ப அதுதான் டெல்டாவுல கிடைக்கமாட்டேங்குது, அது வேற கதை.

நாள் குறிக்கிறதையும் சொல்லிடுறேன். ஆடியில வச்சா காத்து டார்கெட்டையே சாச்சிடும், ஐப்பசி கார்த்திகையில வச்சா கிரவுண்டு குளம். சம்பா அறுப்பு முடிஞ்சு தை கடைசில இருந்து மாசி பங்குனி வரைக்கும்தான் நமக்கு சரியான காலம், ஆனா மாசி பங்குனியில பரீட்சைய பாத்து வைக்கணும். யாரோ பெரியவங்க பிறந்தநாளுக்காக கார்த்திகையில வச்சு மழையில ரெண்டு எண்ட்டோட நிறுத்தி அதுக்கே மெடல் குடுத்த கூத்தும் நடந்துருக்கு.

உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான் சார். வில்வித்தை செய்தி வந்தா பேருக்கு பக்கத்துல வில்லு என்ன வகை, எத்தனை மீட்டர், எத்தனை அம்பு, எத்தனைக்கு எத்தனை பாயிண்டு, அந்த பிரிவுல எத்தனை பேரு, இவ்வளவும் போடுங்க. ஒரே ஒரு வரி. "ரீகர்வ், 70 மீட்டர், 72 அம்பு, 720க்கு 541, கலந்துகொண்டவர்கள் 14"ன்னு போட்டா முடிஞ்சுது. ஸ்கோர் தராதவங்க செய்திய போடாதீங்க. தலைமை முன்னிலை பேரு நாலு குறைஞ்சா அந்த வரிக்கு எடம் கிடைச்சிடும். பேப்பர்ல ஸ்கோர் வரும்னு தெரிஞ்சா நடத்துறவங்க டேப்பை எடுப்பாங்க, கடிகாரம் வைப்பாங்க, ஏன்னா 541ன்னு போட்ட புள்ள அடுத்த மாசம் வெளியூர்ல 380 எடுத்தா எல்லாரும் கேப்பாங்கல்ல.

எங்க பக்கம் வர்ற தை கடைசில ஒரு போட்டி பேசிக்கிட்டு இருக்காங்க, நாள் உறுதியானதும் உங்க கும்பகோணம் நிருபர் தம்பிக்கு சொல்றேன். கையெழுத்து போட்ட ஸ்கோர் ஷீட்டை நானே போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பிடுவேன். அவரு நேர்ல வர்றதா இருந்தா சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லுங்க, கடைசி எண்ட் அப்பத்தான் முடியும். மேடை நிகழ்ச்சி ஏழு மணிக்கு, அதுக்கு வராட்டியும் பரவாயில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.